பையைச் சுற்றி ஒரு கும்மி

மதுரை பஸ்ஸுக்காகப் பேரையூரில் நிற்கிறோம். கூட வந்திருக்கும் எலேனா ஸ்பெயின்காரி. அவர்கள் ஊர் ஃபிளமெங்கோ ஆடுகிறவள். சும்மா நிற்கத் தெரியாமல் கைதட்டித் தாளம் போடுகிறாள். முளைப்பாரித் திருவிழாவுக்குச் சேலை எடுத்துத் திரும்பும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தட்டத் தொடங்குகிறார்கள்.

"கை நல்லாத்தேன் விழுகுது. நின்ன எடத்துலயே தட்டுனா எப்புடி? சுத்தி வாத்தா" என்று பச்சைச் சேலைக்கார அக்கா அவளை இழுக்கிறார்.

நடுவில் முளைப்பாரிச் சட்டியை வைத்துத்தான் கும்மியடிப்பார்கள். இங்கே சட்டிக்கு எங்கே போவது? எலேனாவின் பையை வைத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் அதில்தான் இருக்கிறது. ராத்திரி அவளுக்கு விமானம்.

பஸ் வந்துவிடுகிறது. பையை எடுக்கப் போன என்னை அக்கா கண்ணாலேயே தடுக்கிறார். விதை போடுவதில் தொடங்கி முளை வளர்ந்து நிற்பது வரைக்கும் பாட்டு. பாதியில் நிறுத்தக் கூடாதாம். எலேனா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கண்டக்டர் படியில் நின்றபடி கேட்கிறார். "ஏக்கா, பாட்டு இன்னும் எம்புட்டு இருக்கு?"

"இப்பத்தேண்ணே வெதையே போட்டுருக்கோம்."

டிரைவர் இன்ஜினை அணைக்கிறார்.