கேசட்டில் பூ விழும் இடம்

எங்கள் அம்மாவின் கல்யாணக் கேசட்டில் ஒரு இடத்தில் பூ விழும். திரை முழுக்க ரோஜா. மேலேயிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டும். நாதஸ்வரம் நின்றுபோய் ஒரு சினிமாப் பாட்டு வரும். பூ கொட்டி முடிந்ததும் பார்த்தால் அப்பா தலைப்பாகை கட்டியிருப்பார். அதற்கு முன்னால் வெறும் தலைதான். சின்ன வயதில் எனக்கு அந்தக் கேசட்டிலேயே பிடித்த இடம் அதுதான். நாடகத்தில் திரை போட்டு வேஷம் மாற்றுவார்களே, அது மாதிரி பூவைப் போட்டு மறைத்து மாப்பிள்ளைக்கு அழகு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எடுத்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அப்போது வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொண்டிருந்தாராம். முதலாளியிடம் கெஞ்சிக் கேமராவை வாங்கிவந்து அண்ணன் கல்யாணத்தை எடுத்தார். பூ போட்டதும் அவர்தான்.

நான் ஏழாவது படித்த வருஷம் எங்கள் ஊருக்கு வரலாறு வந்தது. வேறு எப்படிச் சொல்வது? முதலில் கம்பெனி வந்தது. அப்புறம் கம்பெனி பஸ் வந்தது. தெற்கத்திப் பையன்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, மாடு கட்டியிருந்த கொட்டகையை எல்லாம் ரூம் என்று சொல்லி வாடகைக்கு எடுத்தார்கள். கடைசியாக வரலாறு. ஒரகடம் ரோட்டில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கம்பெனி, ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தது. அதில் ஒரு அறைக்கு ‘ஊர் வரலாற்றுக் கூடம்’ என்று பெயர் எழுதினார்கள். பழைய போட்டோ, பழைய சாமான் எல்லாவற்றையும் அங்கே சேர்த்துவைத்து வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். சேர்க்கிற பொறுப்பு எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்கு. அவர் தண்டலத்திலிருந்து பைக்கில் வந்துபோகிறவர். நல்ல மனுஷன். ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத நல்ல மனுஷன்.

மெயின் ரோட்டு வீடுகளிலிருந்து போட்டோ குவிந்தது. முதல் டிராக்டரோடு ஒரு மீசைக்காரர். கோபுரக் கலசத்தோடு அதே மீசைக்காரர். யாரோ மந்திரிக்கு மாலை போடும் இன்னொரு மீசைக்காரர். கடைசியாகத்தான் சார் எங்கள் தெருவுக்கு வந்தார். அம்மா கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள்.

“பழைய போட்டோ ஏதாவது இருக்காம்மா?”

“எங்கள யாரு சார் போட்டோ புடிச்சா?”

“சரி, வேற ஏதாவது? பறை, முறம், மண்பானை... உங்க ஜனங்க அந்தக் காலத்துல வெச்சிருந்தது...”

“பிஞ்ச செருப்பு கீது சார். ஆணி அடிச்சு மாட்றீங்களா?”

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. சித்தப்பா அதற்குள் ஓடிவந்தார். அவர் அப்போது ஊர் முனையில் சொந்தமாக வீடியோ கடை வைத்திருந்தார். திறப்பு விழாவுக்குப் படம் காட்டும் மெஷினும் திரையும் அவர் கடையிலிருந்துதான் போவதாக ஏற்பாடு.

“போட்டோல இன்னா சார் தெரியும்? வீடியோ போட்லாம். எங்க அண்ணன் கல்யாணத்துல மெயின் ரோடு மொத்தத்தையும் எடுத்து வெச்சிகீறேன். ஓட்டு வூடு, புளியமரம், தேர் கொட்டா, எல்லாம். கம்பெனி வர்றதுக்கு முந்தி ஊரு எப்டி இருந்துச்சோ அப்டியே கீது சார்.”

“அட, அதுதாம்பா ஆவணம்!” என்றார் சார். அவருக்கு வாயெல்லாம் பல்.

அவர் போனதும் சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். “போடட்டா அண்ணி?”

அம்மா குடத்துத் தண்ணீரை மொண்டு காலைக் கழுவினாள். “முழுசா போட்றதா இருந்தா போடு.”

“எதுக்குடா வம்பு?” என்றார் அப்பா. அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். டன் கணக்கில் தூக்குகிற ஆள், வம்பை மட்டும் தூக்கமாட்டார்.

எனக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அம்மா திரையில் வரப்போகிறாள் என்பது மட்டும்தான் ஏறியது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். மெயின் ரோட்டுப் பெண் ஒருத்தி, “எங்க தாத்தா போட்டோதான் செவுரு ஃபுல்லா கீது” என்று உதட்டைச் சுழித்தாள். “உங்க தாத்தா சும்மா நிப்பாரு. எங்கம்மா நடப்பாங்க” என்றேன்.

திறப்பு விழாவுக்கு அம்மா கல்யாணப் பட்டுச்சேலையையே கட்டிக்கொண்டாள். பெட்டியில் கிடந்து கிடந்து மடிப்பில் இழை விட்டிருந்தது. கூடத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கம்பெனி ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் எங்கள் தெருக்காரர்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். அம்மா மட்டும் விறுவிறுவென்று போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் கம்பெனி தன்னைப் பற்றித் தானே எடுத்துக்கொண்ட படம் ஓடியது. அப்புறம் சித்தப்பா எங்கள் படத்தைப் போட்டார்.

பிள்ளையார் கோயில் பக்கத்தில் வேன் வந்து நிற்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இறங்குகிறார்கள். கூடம் கலகலத்துவிட்டது. “டேய், நம்ம டீக்கடைடா!” “புளியமரத்தப் பாரேன், இன்னா அகலம்!” மெயின் ரோட்டுக்காரர்களும்தான் கத்தினார்கள். சார் கம்பெனி ஆளிடம் குனிந்து பெருமையாக ஏதோ சொன்னார்.

திரையில் எங்கள் தெரு ஆட்கள் ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். எங்கள் கல்யாணமானாலும் சாவானாலும் கரை மேல் சுற்றித்தான் போகும். அம்மா வெளியூர்ப் பெண். தலையைக் குனியாமல் மெயின் ரோட்டைக் காட்டுகிறாள். இந்தக் கதை எனக்குத் தெரியும். மழை பெய்து கரையெல்லாம் சேறாம். பட்டுச்சேலை பாழாகிவிடும், ரோடு இருக்கும்போது ஏன் சேற்றில் போக வேண்டும் என்று அம்மா கேட்டாளாம். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஊர்வலம் ரோட்டில் ஏறியது. எனக்கு அந்த இடம் மனப்பாடம். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். “இப்ப பாருங்க, இப்ப பூ விழும்!”

பூ விழவில்லை.

படம் குலுங்கியது. வானம் தெரிந்தது. அப்புறம் தார் ரோடு. அப்புறம் ஓடுகிற கால்கள், கழன்று கிடக்கும் ஒற்றைச் செருப்பு. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. யாரோ அலறினார்கள். கேமரா தரையில் கிடந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தது.

“சித்தப்பா, பூ எங்க?” என்று நான் ஒருத்திதான் கத்தினேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். சுவரில் டிராக்டரோடு நிற்கிற அதே மீசை, நரைத்திருந்தது. “டேய், நிறுத்துடா அத.”

சித்தப்பாவின் கை மெஷின் பக்கம் போயிற்று. சார், “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். அம்மா எழுந்து நின்றாள். அவள் தோளில் படத்தின் வெளிச்சம் ஓடியது.

“ஓடட்டும். நான் வூடு போய் சேர்ற வரைக்கும் ஓடட்டும்.”

“பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா?” என்றார் மீசைக்காரர்.

“பழசு வேணும்னுதான கூப்ட்டீங்க? செவுத்துல நீங்க மாட்டிகீறது மட்டும் புதுசா?”

அவர் உட்காரவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. சித்தப்பா கையை எடுத்துவிட்டார்.

கேமரா மறுபடி எழுந்தது. அப்பா தலையில் துண்டு கட்டியிருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்திருந்தாள். நடந்தார்கள். ஓடவில்லை, நடந்தார்கள். இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள் நின்றார்கள். நாதஸ்வரம் பிசிறு பிசிறாகத் திரும்ப ஆரம்பித்தது. டீக்கடை, புளியமரம், தேர்க் கொட்டகை எல்லாம் தாண்டி எங்கள் தெரு முனையில் ஆரத்தித் தட்டு வந்தபோது, கூடத்தின் பின்சுவரிலிருந்து விசில் பறந்தது. பொம்பளைகள் அடித்த விசில். வேடிக்கை பார்க்க வந்திருந்த தெற்கத்திப் பையன்கள் புரிந்தோ புரியாமலோ கை தட்டினார்கள். நரைத்த மீசை வெளியே போய்விட்டார்.

நான் காலேஜ் போன பிறகுதான் சித்தப்பா எனக்கு எல்லாம் சொன்னார். அன்றைக்கு விழுந்தது கல். எங்கள் ஆட்கள் மாலையும் மேளமுமாக அந்த ரோட்டில் நடந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஊரில் பஞ்சாயத்து பேசி முடித்தபோது, கேசட்டில் அந்த இடம் இருக்கக்கூடாது என்று மெயின் ரோட்டுக்காரர்கள் சொன்னார்கள். சித்தப்பா சரியென்றார். ரோஜாவைக் கொட்டி மூடி, அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். அசலை ஸ்டுடியோவில் யாரோ ஒருவருடைய காதுகுத்துக் கேசட்டுகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார்.

அந்தப் படத்தின் சிடி இப்போதும் வரலாற்றுக் கூடத்தில் இருக்கிறது. இரண்டு முறை காணாமல் போனது. இரண்டு முறையும் சித்தப்பா புதிதாகப் போட்டுக் கொண்டுபோய் வைத்தார். எங்கள் தெருவிலிருந்து பறையும் முறமும் போகவில்லை. எங்கள் அம்மா போனாள், அதுவும் நடந்து. எவன் வந்து கேட்டாலும் இதைச் சொல்வேன்.

ஆனால் திறப்பு விழா அன்றைக்கு எனக்கு இருந்தது கோபம்தான். என் கௌரவமே போய்விட்டது. பூ விழும் என்று சொல்லி வைத்திருந்தேனே! வெளியே வந்ததும், சீக்கிரம் வீட்டுக்குப் போய் அழலாம் என்று அம்மாவை ஏரிக்கரைப் பக்கம் இழுத்தேன்.

“ரோடு கீது இல்ல, நட” என்றாள்.

நடந்தேன். புளியமரம் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. அங்கே நின்று சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “அடுத்த தபா போட்டா ஒழுங்கா பூவோட போடு.”

“இனிமே பூ கெடியாது பாப்பா.”

நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். முதலில் அப்பாதான் சிரித்தார். அப்புறம் சித்தப்பா. அம்மாவுக்கு வந்த சிரிப்பில் நிற்க முடியவில்லை. மெயின் ரோட்டில், எல்லா வீட்டு வாசலும் பார்த்துக்கொண்டிருக்க, என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் அழுகை கூடியது. அதற்கு நடுவிலும், பட்டுச்சேலையில் மண் ஆகிறதே என்று அவளை எழுப்பப் பார்த்தேன். சேலை பாழாகக்கூடாது என்றுதானே அன்றைக்கு இந்த ரோட்டில் நடந்தாள்?