கசட்டுக்குப் பதில் சொன்ன வீடு

இரும்புத் தூள் பூசிய நாடாவில் மனிதக் குரலை ஒட்டவைக்கலாம் என்று கண்டுபிடித்த மனுஷன், மாமியார் வீட்டில் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டார். இருந்திருந்தால், அந்தக் குரல் யார் காதில் மட்டும் விழ வேண்டும் என்பதற்கும் ஒரு பொத்தான் வைத்திருப்பார்.

எண்பதுகளில் என் கணவர் சவூதியில் லொறி ஓட்டினார். நான் கண்டிப் பக்கம் கெலிஓயாவில் அவருடைய பெற்றோரான மாமா, மாமியுடன் இருந்தேன். அப்போது கடிதத்தை விட கசட்டுக்குத்தான் மவுசு. லீவில் வருகிறவர்களின் பையில் கசட் வரும், திரும்பிப் போகிறவர்களின் பையில் எங்கள் கசட் போகும். கசட் போட்டுக் கேட்கவும் பதிவு செய்யவும் அவர் வாங்கி அனுப்பிய செட், மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கசட் வந்தால் செட் ஹோலுக்கு வரும். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவர் குரல் கேட்டதும் ஹோலே சேர்ந்து பதில் ஸலாம் சொல்லும். அந்தச் சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது கேட்காது. நாடாவைப் பின்னால் சுற்றினால் மறுபடியும் ஸலாம் வரும், மறுபடியும் பதில் போகும். மாமா ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்கு இது பொறுக்காது.

"அது வெறும் காந்தம். காந்தத்துக்கு ஸலாம் சொல்லத் தேவையில்ல."

"காந்தமா என்னை உம்மான்னு கூப்புடுது?" என்பார் மாமி. அதற்கு மேல் யார் பேசுவது?

இந்தப் பழக்கம் என் கணவருக்குத் தெரியும். அதனால் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் பதிவு செய்வார். "உம்மா, கால் வலி எப்பிடி?" என்பார். நாடா சும்மா ஓடும். மாமி அந்த இடைவெளியில் கால் வலியை, கண்டி டொக்டரை, பஸ்ஸில் இடம் கொடுக்காத பெடியனை எல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு தடவை மாமி முடிக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்துவிட்டது. மாமிக்குக் கோபம் வந்தது. "உம்மா பேசுற நேரம் குறுக்க பேசாதே" என்று எங்கள் பதில் கசட்டிலேயே கண்டித்து அனுப்பினார். அடுத்த கசட்டிலிருந்து இடைவெளி நீண்டுவிட்டது. நான் இதைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றும் நம்புவதில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து பதிவு செய்யும்போது எனக்குக் கடைசி இடம். சுற்றிலும் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நான் நல்லா ஈக்கேன். உடம்பப் பாத்துக்கோங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பெண் பிள்ளை என்னத்தைப் பேசுவது?

அதனால் நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். அவர் கடைசி ஸலாம் சொன்னதும் மாமியின் விரல் செட்டை நிறுத்திவிடும். அதன் பிறகு கொஞ்சம் வெற்று நாடா விட்டு, எனக்கு மட்டும் அவர் பேசியிருப்பார். மாமி பகலில் கண்ணயரும்போது, செட்டில் நாடா உரசும் ஹெட்டைத் துடைக்கிறேன் என்று பஞ்சும் ஓடிக்கொலோனும் எடுத்துக்கொண்டு நான் அதை அறைக்குக் கொண்டுபோவேன். கேட்பேன், அனுப்பும் கசட்டின் கடைசியில் நானும் அப்படியே பேசி வைப்பேன். கண்டி மாவட்டத்திலேயே எங்கள் செட்டைப் போல ஹெட் சுத்தமான செட் இருந்திருக்காது.

அந்த வருஷம் அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. மாமிக்கு வீட்டுக்கு மேல்மாடி எடுக்க வேண்டும், அதற்காக மகன் இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டும். எனக்கு அவர் வர வேண்டும். "வந்துடுங்க" என்று பேசி அனுப்பிவிட்டு, பதிலுக்காகச் சோறு இறங்காமல் காத்திருந்தேன்.

பதில் கசட்டை லீவில் வந்த மடவளை ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து ஹோலில் நிறைந்திருந்தார்கள். என் மனுஷன் அந்தத் தடவை பார்த்துக் கடைசி ஸலாமை மறந்துவிட்டார். "உம்மா, மேல்மாடிய எப்பிடிக் கட்டப் போறீங்க?" என்று கேட்டார், அத்தோடு நிறுத்திவிட்டார்.

மாமி படிக்கட்டில் தொடங்கினார். பெல்கனிக்குப் போனார். அங்கிருந்து மகாவலி கங்கை தெரியும் என்றார். நாடா சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறானே என்று அவருக்குப் பூரிப்பு. எனக்கோ அந்த வெற்று நாடாவுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியும். மெல்லச் செட்டை நிறுத்தப் போனேன். என் கையில் ஓர் அடி விழுந்தது.

"கைய எடு. மகன் கேட்டுக்கிட்டு ஈக்கான்."

குளியலறைக்கு என்ன நிறத்தில் ஓடு பதிப்பது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது செட் கிசுகிசுத்தது.

"கதவ மூடிட்டியா?"

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்துபோய் வாசல் கதவை மூடிவிட்டு வந்தாள்.

"எண்ட கோழிக்குஞ்சே" என்றது செட். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. குரல் தொடர்ந்தது. "எனக்கு இனி ஏலா. ராவைக்கு உம்மாட கொரலப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறேன். வந்துடணும். ஆனா உம்மாட்ட சொல்லப் பயமா ஈக்கி. மேல்மாடி மேல அவ்வளவு ஆச வெச்சிட்டாங்க."

நாடா முடிந்து பொத்தான் டக்கென்று எகிறியது. சிரிப்பு நின்றுவிட்டது.

மாமாதான் எனக்காக இரங்கி, "சில நேரம் வேற ஆள்ட கொரலும் அதுல ஏறிடும்" என்றார்.

"எண்ட மகன்ட கொரல் எனக்குத் தெரியாதா?"

மாமி எழுந்துபோய் அலுமாரியிலிருந்து புதுக் கசட் ஒன்றை எடுத்துவந்து போட்டார். வழக்கம்போல யாரையும் சத்தம் போடாதே என்று அடக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"மகன், அவ அறைக்குள்ள ஈக்கல்ல. ஹோல்ல ஊரே கேட்டிச்சி. மேல்மாடி வாணாம். கீழ ஈக்கிற ரூம் போதும். உம்மாக்குப் பயப்படாம வாங்க."

பிறகு செட்டை என் மடியில் வைத்தார். "மிச்சத்த நீ பேசு" என்றார். பெண்களையும் மாமாவையும் வெளியே விரட்டி, தானும் போய், கதவை வெளியிலிருந்து இழுத்து மூடினார்.

அவ்வளவு நாள் திருடிப் பேசியவளுக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. சிவப்புப் பொத்தான் அமுங்கியே இருந்தது. அவருக்குப் போன கசட்டில் என் பங்குக்கு இருந்தது நான் அழுத சத்தம் மட்டும்தான்.