நின்ன வண்டிக்கு நூத்தி நாப்பத்தி நாலு ஸ்பீடு

வேன் ஓட்டுறவனுக்கு ரெண்டு மொதலாளி: ஒருத்தர் ஆபீஸ்ல ஒக்காந்திருப்பாரு, இன்னொண்ணு டேஷ்போர்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்கும். ரெட்டியார்பாளையத்துல லேடீஸ ஏத்திக்கிட்டுப் போய் மேட்டுப்பாளையம் கம்பெனியில எறக்குறது என் வேலை. நான் எங்க இருக்கேன்னு அந்த ஜிபிஎஸ் பொட்டி ஆபீஸுக்குக் கோள் சொல்லிக்கிட்டே வரும். பொட்டி மாட்டுன வண்டி ஓட்டுற அத்தன பேரும் எனக்குப் பங்காளிங்கதான். கேளுங்க.

டீ குடிச்சா ஸ்பீடு கொறையும்

பொட்டி வந்த புதுசுல பத்து நிமிஷத்துக்கு ஒருக்காதான் கணக்கு. அப்ப எங்க இருந்த, இப்ப எங்க இருக்க, நடுவுல எவ்ளோ தூரம், அத நேரத்தால வகு. முடிஞ்சுது. டிரைவருங்க நாங்க சும்மா இருப்பமா? காலி ரோட்ல நல்லா அழுத்தி வந்துட்டு, கம்பெனிக்கு முன்னாடி டீக்கடையில ஓரங்கட்டிடுவோம். ஓடுன நேரமும் நின்ன நேரமும் ஒண்ணாக் கலந்து, ஆவரேஜ் பசு மாடு மாதிரி சாதுவாயிடும். எங்க எல்லாரு வண்டியும் ஆபீஸ் கணக்குல முப்பதத் தாண்டுனதே இல்ல.

டீக்கடை செல்வியக்காவுக்கு நல்ல யாவாரம். ஆனா வாய் சும்மா இருக்காது. “ஏழுமல, ஸ்பீடு கொறைக்கத்தான் வண்டியில பிரேக்கு வச்சிருக்கான், அதுக்கு ஏன்யா என் டீயக் குடிக்கிற?”

மேடம் சொன்ன பாடம்

அப்புறம் ஆபீஸ்ல பொட்டிய ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா கணக்குப் போடுற மாதிரி மாத்திட்டாங்க. டீக்கு வேலை இல்ல. ஸ்பீடு ஜாஸ்தின்னு எனக்கு ஒரு வார்னிங் விழுந்துடுச்சு. இன்னொண்ணு விழுந்தா சாவி வேற ஆளு கைக்குப் போயிடும்னு மேனேஜர் சொல்லிட்டாரு.

பொட்டியப் பாத்துக்குற ஸ்டெல்லா மேடம்கிட்ட சண்டைக்குப் போனேன். “மொத்தமாப் பாத்தா முப்பதுதான மேடம்?”

“அது ஆவரேஜுண்ணே. அந்த நொடியில எவ்ளோன்னு கேக்குறேன். வண்டி கெளம்பி எத்தன செகண்டோ, அத அதாலயே பெருக்குனா அவ்ளோ மீட்டர் போயிருக்குன்னு வச்சுக்குங்க. அஞ்சாவது செகண்டுல எங்க இருக்கும்?”

நான் ஏழாங்கிளாஸோட நின்னவன், ஆனா வாய்ப்பாடு நிக்கல. “அஞ்சஞ்சு இருவத்தஞ்சு மீட்டர். அஞ்சால வகுத்தா செகண்டுக்கு அஞ்சு மீட்டர். ஸ்பீடா மீட்டர் முள்ளும் அதத்தான காட்டும்?”

“காட்டாது. ஆறாவது செகண்டுல முப்பத்தாறு மீட்டர். அப்ப அந்த ஒரு செகண்டுல மட்டும் பதினோரு மீட்டர் ஓடியிருக்கீங்க. இன்னும் கிட்ட வாங்க. அஞ்சு பாயிண்ட் ஒண்ணு செகண்டுல இருவத்தாறு மீட்டரு, ஒரு சென்டிமீட்டர். இருவத்தஞ்சக் கழிச்சு, அந்தப் பாயிண்ட் ஒண்ணு செகண்டால வகுத்தா, செகண்டுக்குப் பத்து பாயிண்ட் ஒண்ணு வருது. நேரத்தச் சுருக்கச் சுருக்கப் பத்துலதான் வந்து நிக்கும். அதான் அந்த நொடி ஸ்பீடு. ஒங்க ஆவரேஜுக்கு டபுள்.”

“டபுளா இருந்தா என்ன மேடம், வருசம் பூரா சேத்துப் பாருங்களேன்”னேன். அவங்க கம்ப்யூட்டர்ல இருந்து தலையத் தூக்காமலே சொன்னாங்க: “மாடு குறுக்க வந்தா, அந்த நொடியில என்ன ஸ்பீடோ அதுலதாண்ணே இடிப்பீங்க, ஆவரேஜ்ல இடிக்க முடியாது.”

போன எடத்துக்கே வந்தா

வெலாசிட்டின்னா எந்தப் பக்கம் போறோங்கறதும் சேத்தியாம். கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்துட்டா மொத்த ஆவரேஜ் வெலாசிட்டி சைபராம். இதையும் மேடம்கிட்ட கத்துக்கிட்டு வந்து, சாயங்காலம் வண்டியில பெருமையா எடுத்து வுட்டேன். நான் கொஞ்சம் மெதப்பாப் பேசுனா லேடீஸுக்கு நான் ‘முசே’ ஆயிடுவேன், எங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போன ‘சார்’ அது. பேக்கிங் செக்‌ஷன் ராணி கொட்டாவி வுட்டுக்கிட்டே சொல்லிச்சு: “அப்ப இத்தினி வருசமா எங்கள நீ எங்கயுமே கூட்டிட்டுப் போவல, அப்படித்தான முசே?”

ஜவுளிக்கடைக்குள்ள வண்டி

ஒரு நாள் காலையில சிக்னல்ல மாட்டிக்கிட்டோம். பச்சை விழுது, வண்டி நவுரல. ஷிப்டுக்கு லேட்டு, வண்டி மொத்தமும் என்னைத் திட்டுது. கம்பெனிக்குள்ள நுழையுறேன், மேனேஜர் வாசல்லயே நிக்கிறாரு. “நூத்தி நாப்பத்தி நாலுல வந்திருக்க. சாவிய வச்சுட்டுக் கெளம்பு.”

ராணி சண்டைக்குக் கெளம்பிடுச்சு. “சார், இன்னிக்கு எங்க எல்லாருக்கும் லேட் மார்க்கு. அந்த ஸ்பீடுல வந்திருந்தா முன்னாடியே வந்து தூங்கியிருப்போம்.”

சத்தம் கேட்டு வந்த மேடம் எல்லாரையும் உள்ள கம்ப்யூட்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, ஆனா தலையாட்டல. “லேட்டுன்னா ஆவரேஜ்தான் கம்மி. நடுவுல ஒரு நொடி பறந்திருக்கலாம் இல்ல?” சாவிய எடுத்து டேபிள்மேல வச்சேன். நான் தலையாட்டிக் கத்துக்கிட்ட பாடம் என்னையே கடிக்குது. எனக்குத் தெரிஞ்சது ஸ்டியரிங் ஒண்ணுதான். சாவி போச்சுன்னா வேற வேலைக்கு எங்க போவேன்?

ஆனா அந்தம்மா அதோட வுடல. ஸ்பீடு கணக்க மூடிட்டு, வண்டி எங்கெங்க இருந்துச்சுன்னு மேப்புல ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. மொதல்ல சிக்னல். ரெண்டு செகண்டு கழிச்சு, எம்பது மீட்டர் தள்ளி ஒரு ஜவுளிக்கடைக்கு நடுவுல. அடுத்த ரெண்டு செகண்டுல மறுபடி அதே சிக்னல். “செகண்டுக்கு நாப்பது மீட்டர், அதான் மணிக்கு நூத்தி நாப்பத்தி நாலு கிலோமீட்டர். வண்டி நின்னுதான் இருந்திருக்கு சார், பொட்டிதான் எடம் தப்பிப் போய் வந்திருக்கு. இவ்ளோ சின்ன நேரத்தால வகுத்தா, எடத்துல கொஞ்சம் தப்புனாலும் ஸ்பீடு எங்கயோ போயிடும்.”

மேனேஜர் மேப்ப உத்துப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. சாவிய என் பக்கம் தள்ளி வுட்டாரு. “அவ்ளோ தூரம் கடைக்குள்ள போன மனுசன், என் சம்சாரம் கேட்ட பொடவைய எடுத்தாந்திருக்கலாம்ல?”

இப்பல்லாம் ஓட்டும்போது எனக்குப் பயமே இல்லீங்க, சிக்னல்ல நிக்கும்போதுதான், எவ்ளோ ஸ்பீடுல நின்னுக்கிட்டிருக்கனோன்னு ஒதறுது.