இலவசக் கிரெடிட்டும் லிஃப்ட் அக்காவும்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடங்களாக ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மற்றவர்கள் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கோளாறை, கதவில் காதை வைத்தே சொல்லிவிடுவார். "கீழ் உருளை தேயுது. இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்றால், சரியாக ஐந்தாவது வாரம் லிஃப்ட் நின்றுவிடும்.

போகிற இடத்திலெல்லாம் அந்தச் சத்தங்களைக் கைபேசியில் பதிவு செய்வது அவருக்குப் பழக்கம். கூடவே என்ன கோளாறு, எத்தனை நாளில் நின்றது என்று ஒரு குறிப்பும் எழுதி வைப்பார். ஏன் என்று கேட்டால், "சில பேர் பறவைச் சத்தம் புடிச்சு வெக்கறாங்க இல்லையா, அது மாதிரிதான்" என்பார். பதிவுகள் மூவாயிரத்தைத் தாண்டியபோது, குடும்பத்தோடு ஒரு படம் எடுக்கக்கூடக் கைபேசியில் இடமில்லை.

அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தது அவருடைய கொழுந்தன். கணினி நிரல் எழுதுகிறவன். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தான்.

"அண்ணி, இது சத்தம் இல்ல, சொத்து! லிஃப்ட் நிக்கறதுக்கு முன்னாடியே நமக்குச் சொல்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிடலாம்."

எழுதினான். ஆனால் வீட்டு லேப்டாப், முந்நூறு சத்தங்களைக் கற்றுக்கொள்வதற்குள் நான்கு நாட்கள் மூச்சு வாங்கியது. அக்காவின் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். வாழ்க்கையிலும் ஒரு காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருக்கும் மனிதர். அவர் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சட்டையை இது மேல விரிச்சா இஸ்திரி ஆயிடும் போல" என்றார்.

அப்போதுதான் கொழுந்தன் அந்தச் செய்தியைச் சொன்னான். பெரிய கணினி நிறுவனங்கள், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குத் தங்கள் கணினிகளை இணையம் வழியாக ஒரு வருடம் இலவசமாகப் பயன்படுத்தத் தருகின்றன. அதற்குக் கிரெடிட் என்று பெயர். கூடவே வேறு சலுகைகளும் உண்டு.

"சும்மாவா தர்றாங்க?" என்றார் அக்கா.

"நாம வளர்ந்தா அவங்ககிட்டயேதானே அண்ணி இருப்போம்."

"அப்படிச் சொல்லு. ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடின்னு யாரும் திறந்து விடமாட்டாங்களேன்னு பார்த்தேன்."

முதல் விண்ணப்பத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அக்காவே நிரப்பினார். மறுநாளே நிராகரித்துப் பதில் வந்தது. கொழுந்தன் எடுத்துப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். 'உங்கள் நிறுவனம் எந்தக் கட்டத்தில் உள்ளது?' என்ற கேள்வியை, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிய அக்கா, 'எந்தக் கட்டடத்தில்' என்று படித்திருந்தார். பதில்: 'மூன்றாவது மாடி, பின்பக்கம். படி வழியாக வரவும்.'

"லிஃப்ட் கம்பெனி, ஆனா படி வழியா வரணுமா?" என்றார் கணவர்.

"நம்ம கட்டடத்துல லிஃப்ட் இல்லையே, நான் என்ன பண்ண?"

இரண்டாவது விண்ணப்பம், நிறுவனத்துக்கென்று ஒரு இணையதளம் இல்லாததால் திரும்பி வந்தது. கொழுந்தன் இரண்டே நாளில் ஒன்றை அமைத்தான். நிறுவனர் படம் வேண்டுமென்றதும், பட்டுப்புடவை வேண்டாமென்று சொல்லி, தலைக்கவசமும் கையில் ஸ்பேனருமாக நின்றார் அக்கா. மூன்றாவது முறை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

காணொளியில் வந்த தேர்வு அதிகாரி நரைத்த கூந்தலை இறுக முடிந்த பெண்மணி. ஒரு நாளைக்கு இருபது நிறுவனர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம்.

"உங்க புரோகிராம் வேலை செய்யுதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

கொழுந்தன் வரைபடங்களைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "மேடம், உங்க ஆபீஸ்ல லிஃப்ட் இருக்கா? போனை அந்தக் கதவுகிட்ட கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

அதிகாரி ஒரு நொடி தயங்கினார். பிறகு எழுந்து நடந்தார். லிஃப்ட் இரண்டு முறை ஏறி இறங்கியது. புரோகிராம், 'கோளாறு எதுவும் இல்லை' என்று பச்சை விளக்குக் காட்டியது. கொழுந்தன் முகத்தில் நிம்மதி.

அக்கா இல்லையென்று தலையசைத்தார். "இது தப்புங்க மேடம். மேல் மாடில கதவு உருளை ஒண்ணு தேய்ஞ்சிருக்கு."

கொழுந்தன் மேசைக்கடியில் அண்ணியின் காலை மிதித்தான். அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"அப்போ உங்க புரோகிராம் வேலை செய்யலேன்னு நீங்களே சொல்றீங்க?"

"ஆமாங்க. என்கிட்ட மூவாயிரம் சத்தம் இருக்கு. அதுல முந்நூறுதான் இது படிச்சிருக்கு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளையப் பரீட்சைல உக்கார வெச்ச மாதிரி. மிச்சத்தைப் படிக்க வெக்கத்தான் உங்க கம்ப்யூட்டரைக் கேக்கறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டதும், "போச்சு, எல்லாம் போச்சு" என்று கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்தான். அக்கா கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கான கிரெடிட் முழுவதும் கிடைத்திருந்தது. அடியில் அந்த அதிகாரியே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'உருளையை மாற்றிவிட்டோம்.'

அதன் பிறகு கொழுந்தனைப் பிடிக்க முடியவில்லை. கண்ணில் பட்ட சலுகைக்கெல்லாம் விண்ணப்பித்தான். இருக்கிற ஒரே கைபேசிக்கு, ஐம்பது இணைப்புகள் கொண்ட வாடிக்கையாளர் சேவை மையம் இலவசமாக வந்தது. தியானம் செய்யச் சொல்லித்தரும் செயலி வந்தது. ஊழியர் விடுப்பைக் கவனிக்கும் மென்பொருளும் வந்தது. அதில் அவனே இரண்டு நாள் விடுப்பு கேட்டான். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு வந்து, 'நிராகரிக்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்தினார்.

மூவாயிரம் சத்தங்களையும் அந்தப் பெரிய கணினிகள் ஒரே பகலில் கரைத்துக் குடித்தன. லிஃப்டில் ஒரு சின்ன ஒலிவாங்கியைப் பொருத்திவிட்டால், அதன் சத்தத்தைப் புரோகிராம் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் நான்கு கட்டடங்கள் வாடிக்கையாகச் சேர்ந்தன. ஆறு மாதத்தில் பதினோரு கட்டடங்கள் ஆயின. கணவர்கூடப் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, தன்னிடம் வண்டி ஓட்டப் பழகுகிறவர்களிடம் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம், ஒரு பல் மருத்துவமனை லிஃப்டைப் பற்றிப் புரோகிராம் எச்சரித்தது. அக்கா போய்க் காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டார். அப்போதும் ஒன்றுமில்லை. சந்தேகத்தோடு மோட்டாரைக் கழற்றினார். உள்ளே பேரிங்கில் தலைமுடி போல மெல்லிய விரிசல்.

மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. கொழுந்தனுக்குப் போன் செய்தார்.

"தம்பி, எனக்குக் கேக்காதது அதுக்குக் கேட்டிருக்கு!"

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அடங்கியதும் கேட்டான்: "பொறாமையா இருக்கா அண்ணி?"

"கொஞ்சம்" என்றார் அக்கா. "சரி, வெச்சிடறேன். புது பேரிங் மாட்டணும். ரெண்டாவது மாடில ஒருத்தர் வீங்கின கன்னத்தோட நிக்கறாரு."