வெளியே வந்த கடைசிப் பந்தி

மகள் தீக்ஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் ஜினமதி நிரல் எழுதக் கற்றாள். இப்போது செங்கம் ரோட்டில், விடுதிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன ஆபீஸில் வேலை. ஜைன வீட்டுப் பெண், பொழுது போனபின் சாப்பிடமாட்டாள். அதனால் பொழுது சாய்வதற்குள் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். "அக்கா கடையத் தொறந்துட்டாங்க, மணி அஞ்சரை" என்பான் பக்கத்து மேசை இளவரசன்.

ஜைன யாத்ரீகர்கள் தங்கும் விடுதி ஒன்றும் அவர்கள் வாடிக்கை. அதன் சமையலைப் பார்க்கும் நிரல்துண்டான ஃபங்ஷனுக்குள்ளேயே 'கடைசிப் பந்தி' என்று குட்டி ஃபங்ஷன் ஒன்றை வைத்திருந்தாள். சூரியன் மறையுமுன் சாப்பாட்டை முடிக்கச் சொல்லும். மற்ற விடுதிகளுக்கு அதே பெயரில் வெளியே ஒன்று. அதற்கு இரவு பத்து மணி. உள்ளே இருப்பது உள்ளே மட்டுமே செல்லுபடியாகும் என்பதால் இரண்டுக்கும் சண்டையில்லை.

"இத ஏங்கா உள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்க? வெளிய எடுத்தா எல்லாருக்கும் ஆவும்ல" என்றான் இளவரசன் போன வாரம். வேறு அவசரத்தில் இருந்தவள், "சரி, எடு" என்றுவிட்டாள். வெளியே வந்தது, அதே பெயரில் அங்கே இருந்த பத்து மணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது; எல்லா விடுதிக்கும் பொழுது சாய்வதே கடைசி என்றாகிவிட்டது. அந்த மாற்றம் விடுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது பௌர்ணமியன்று.

சாயங்காலம் திரௌபதியின் போன் வந்தது. ஜினமதி தானே பேசிப் பிடித்த முதல் வாடிக்கை அந்த லாட்ஜ்காரம்மா.

"இன்னாமா, எங்க கிச்சனையும் உங்க வீட்டுக் கிச்சனாக்கிட்டியா? ராத்திரி சாப்பாடு கேட்டா 'முடிந்தது'னு வருது. கிரிவலம் சுத்தினு வர்றவங்க பட்டினியா படுக்கறதா? வெளக்கு வெக்கறதுக்குள்ள சரியாவலன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஜினமதி திறந்த டிபன் பாக்ஸை மூடினாள்.

"நீங்க சாப்டுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான் இளவரசன்.

"நீ பாத்துக்கினதுதான் இது."

"சரின்னு நீங்கதான சொன்னீங்க."

"ஆமா. அதான் நானே ஒக்காந்திருக்கேன்."

அந்த வாரத்து வேறு மாற்றங்களும் அதோடு பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, குட்டி ஃபங்ஷனை மறுபடி உள்ளேயும் பத்து மணியை வெளியேயும் வைத்தாள். அவள் வீட்டில் பொழுது போனால் அடுப்பில்லை. பக்கத்து வீட்டில் அப்புறம்தான் தோசை வார்க்கும் ஓசையே கேட்கும். நிறுத்தச் சொல்லி அவள் போய்க் கதவைத் தட்டியதில்லை. ஒரு வீட்டு வழக்கம் அந்த வீட்டுக்குள் இருப்பது ஒளித்துவைப்பது ஆகாது என்று இளவரசனிடம் அன்றே சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் விஷயமாகப் பேசும்போது வீடு ஞாபகம் வருவதில்லை.

திரௌபதி மறுபடி கூப்பிட்டாள். "சரியாயிடுச்சுமா. நீயும் இங்க வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ."

ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்திருந்தது. "இருக்கட்டும்கா. எனக்கு நேரம் போயிடுச்சு."

போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை இளவரசன் பக்கம் தள்ளினாள்.

"உனக்குப் பத்து மணி வரைக்கும் இருக்குல்ல. சாப்டு."