பச்சைமலைச் சாலையில் எனக்குக் கேட்காத குருவி

மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில், மேஜை மேல் கிடந்த பைனாகுலரைப் பற்றி விசாரித்ததில் ஆரம்பித்தது எங்கள் பழக்கம். கடைக்காரரை எல்லோரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். பங்குனி ஞாயிறுகளில் துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போய், மலைச்சாலையில் மெதுவாக நடந்தபடி கதிர்க்குருவிகளைக் கணக்கெடுப்போம்.

ஐப்பசியில் இமயமலைப் பக்கமிருந்து வந்து சித்திரையில் திரும்பிவிடும் பறவைகள் அவை. இலை நிறத்தில் இருக்கும், இலைகளுக்குள்ளேயே திரியும். பார்ப்பது அபூர்வம். கீச்சென்ற மெல்லிய குரலை வைத்துத்தான் எண்ணுவது.

பாய்க்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் இரண்டு வருடம் நான் தனியாக பஸ்ஸில் போய்வந்தேன். முதல் வருடம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அடுத்த வருடம் நோட்டில் பூஜ்யம். 'இந்தச் சாலையில் கதிர்க்குருவிகள் அற்றுப்போய்விட்டன' என்று பறவை ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். மரம் வெட்டியதுதான் காரணம் என்றார் ஒருவர். பூச்சிமருந்து என்றார் இன்னொருவர். ஒரு கல்லூரிப் பேராசிரியர் என் கணக்கை வாங்கிக் கருத்தரங்கில் பேசினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் வருடம் பாய் வந்தார். ரம்ஜான் மாதம். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். சோபனபுரம் தாண்டி மலை ஏறி, ஒரு வளைவில் நிறுத்தி இறங்கினோம். நோன்பிலிருப்பவர் எதிரில் தண்ணீர் குடிக்கத் தயங்கினேன்.

"நீங்க குடிங்க சார், எனக்கு ஒண்ணும் இல்ல" என்றவர், சட்டென்று தலையைத் திருப்பி மேலே பார்த்தார். "நோட்டை எடுக்கலையா?"

"எதுக்கு பாய்?"

"கத்துதே சார்."

காது கொடுத்தேன். கொண்டைக்குருவி கேட்டது. தூரத்தில் குக்குறுவான் கேட்டது. வேறொன்றுமில்லை. பாய் என்னையே பார்த்தார். பிறகு, குருவி கத்தும்போதெல்லாம் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். பதினோரு முறை உயர்த்தினார். ஒரு தடவைகூட எனக்குக் கேட்கவில்லை. அந்த வளைவில் மட்டும் நான்கு குருவிகள் என்றார்.

முதலில் வந்தது நிம்மதிதான். அவை எங்கும் போய்விடவில்லை. கருத்தரங்கு நினைவுக்கு வந்தது அதற்கப்புறம்.

இறங்கும்போது பாய் கேட்டார். "வீட்டுல ஏதாவது சொன்னாங்களா சார்?"

சொல்லியிருந்தாள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் சத்தம் போடவில்லை, கெட்டுப்போய்விட்டது என்று நான் புதிதாக ஒன்று வாங்கி வந்தபோது, "அது நல்லாத்தான் கத்துது, உங்களுக்குத்தான் கேக்கல" என்றாள் மனைவி. அவளோடு சண்டை போட்டிருந்தேன்.

அந்த வாரமே காது டாக்டரைப் பார்த்தேன். வயதானால் முதலில் போவது கீச்சுக் குரல்கள்தான் என்று சோதனை வரைபடத்தைக் காட்டினார். பேச்செல்லாம் கேட்பதால் நமக்குத் தெரியாதாம். குழுவில், 'குறைந்தது பறவைகள் அல்ல, என் செவி' என்று எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். பேராசிரியருக்குப் போன் செய்தேன். "பரவாயில்லங்க, திருத்திடறேன்" என்றார். பரவாயில்லை என்கிற குரலாக அது இல்லை.

சித்திரை முதல் ஞாயிறு, காதில் கருவியோடு போனேன். காய்ந்த சருகு, என் சட்டைக் காலர், பாயின் மூச்சு எல்லாம் பெரிதாகக் கேட்டன. பிறகு, கம்பியைச் சுண்டியது போல ஒரு சத்தம்.

"கேக்குதா சார்?"

"கேக்குது. ஆனா இது அந்தக் குரல் இல்ல பாய்."

"பழகிடும்."

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். அதே வளைவில் அரைமணி நேரம் நின்றோம். பாய் உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் வடக்கே கிளம்பிவிட்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம் என்று காரை எடுத்தார்.