வீட்டில் மட்டும் இனித்த சொல்

பாய்லர்காரருக்கு அந்தச் சலவைக்கூடத்தில் இருபத்தொரு வருட சர்வீஸ். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் நான்கு ஹோட்டல்களின் துண்டுகளும் அங்கே வெளுக்கின்றன. காலை ஆறு மணிக்கு அவர் பாய்லரைப் பற்றவைத்து, ஏழு மணிக்குள் நீராவியை ஏற்றிக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு வேலை. அப்படிப்பட்டவரை முக்கால்வாசிப் பேர் கூப்பிட்டது 'கரிமூட்டை' என்று.

அது அவருக்கு மட்டும் வைத்த பெயரல்ல. அவருடைய இனத்தார் அத்தனை பேரையும் அந்த ஊர் அப்படித்தான் சொல்லும். நிறம் கறுப்பு, அவ்வளவுதான் குற்றம். பஸ்ஸில் அவர்களுக்குப் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வரும். வீடு கேட்டுப் போனால் நேற்றுதான் வேறு ஆளுக்குக் கொடுத்ததாகச் சொல்வார்கள். "அவங்களுக்குச் சூடு உறைக்காதுப்பா, பாய்லருக்குப் பொருத்தமான ஆளு. கைதான் கொஞ்சம் நீளம்!" என்று அவர் காதுபடவே பேசுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சில துண்டுகள் காணாமல் போயின. கூடத்தில் இருந்த கறுத்த மனிதர்கள் ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். அவமானத்தில் அன்று அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே வாசல் கேட்டில் பையை விரித்துக் காட்டினார். "கரிமூட்டை வந்திருக்கேன், நல்லாப் பாத்துக்கோங்க. அப்புறம் பாய்லரைத் தூக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லக்கூடாது!" காவலாளி வயிறு குலுங்கச் சிரித்தான். தானே சொல்லிக்கொண்டால் வலி குறைகிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த ஏமாளி மனிதருக்கு ஒன்று புரியவில்லை. அவர் விளையாட்டாகச் செய்தது நாளடைவில் கேட்டின் சட்டமானது. மற்றவர்கள் கைவீசிக்கொண்டு வெளியே போவார்கள். கறுத்தவர்கள் மட்டும் நின்று பையைத் திறப்பார்கள்.

அதே சொல் அவர் வீட்டில் தேனாக இருந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இருட்டில் கையால் துழாவிக்கொண்டு, "எங்கடா ஒளிஞ்சிருக்கு என் கரிமூட்டை?" என்றாள் மனைவி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அவர் கரிமூட்டை, அவருக்கு அவள் கரிமூட்டை. வெளியே முகத்தில் துப்பப்பட்ட சொல்லைக் கழுவித் துடைத்து, இருவரும் கொஞ்சுவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையை அவர் ஒருநாள் கேண்டீனில் சொல்லிவிட்டார். எல்லோரும் தங்கள் மனைவிமார் வைத்த செல்லப்பெயர்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரம். முதல்முறையாக அவர்களில் தானும் ஒருவன் என்ற மிதப்பு. உளறிக் கொட்டிவிட்டார்.

மனைவி வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டார்கள். சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளைக்கு ஆள் தேவைப்பட்டது. விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துச் சுருக்கமில்லாமல் உருளைக்குள் விடும் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையிலேயே சூப்பர்வைசர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "வாம்மா வா! இருந்த கரிமூட்டை போதாதுன்னு வீட்டுக் கரிமூட்டையும் வந்தாச்சா? ஏம்மா, கரண்ட் போனா ரெண்டு பேரும் எப்படிக் கண்டுபிடிச்சுக்குவீங்க? இன்னும் கையால தடவித்தானா?"

கூடமே சிரித்தது. அவள் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. பாய்லர் அறை வாசலில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கேட்டில் அவர் வழக்கம்போல் பையை விரித்தார். அவள் விரிக்கவில்லை. "எல்லார் பையையும் தெறங்க, நானும் தெறக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "நம்ம வீட்டுக்குள்ள பேசினதை அவன் வாய்க்கு யாருங்க கொடுத்தது?"

"ஒரு தமாஷுக்குச் சொன்னேம்மா..."

"உங்களுக்குத் தமாஷ். இன்னைக்கு அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நான் அம்மணமா நின்னேன்!"

 மறுநாளே அவள் மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், சோதனை போட்டால் எல்லோரையும் போட வேண்டும்; இரண்டே வரி.

பத்து நாள் கழித்து மேனேஜர் அறைக்குக் கணவன், மனைவி, சூப்பர்வைசர் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசருக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"புருஷன் கூப்பிட்டா கொஞ்சல், நான் கூப்பிட்டா குத்தமா சார்? வேணாம்னா முதல்ல அவங்க விடட்டும். ஊருக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒண்ணா?"

 அவள் பேச்சு தடுமாறவில்லை. "எங்களுக்கு ஊர்ல விழுற அடி ஒண்ணுதான் சார். அவர் வலிக்கு நானும், என் வலிக்கு அவரும் தடவிக் கொடுத்துக்கிட்டோம். நீங்க அடிக்கிற கை. நீங்களும் தடவ வந்தா எப்படி?"

"நான் என்னைக்கும்மா அடிச்சேன்? அபாண்டமா பேசாதே!"

"போன வாரம் தலையணை உறை குறைஞ்சுதே, யார் பையை முதல்ல கொட்டினீங்க? அது யார் வண்டியில கிடந்துச்சு?"

 அது சூப்பர்வைசருடைய மச்சினன் ஓட்டும் வண்டி. மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே பாய்லர்காரரிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இருபத்தொரு வருஷமா உங்களை அப்படித்தானே கூப்பிடறாங்க? உங்களுக்குச் சங்கடமா இருந்துச்சா? பொய்ப் புகார்னா இந்த அம்மாவை வச்சுக்க முடியாது. உண்மைன்னா சூப்பர்வைசர் மேல நடவடிக்கை எடுக்கணும். உங்க வார்த்தைதான்."

உள்ளே இருந்த ஒவ்வொரு எலும்பும் 'ஆமாம்' என்று கதறியது. ஆனால் சங்கடம் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் ஏன் இளித்தாய் என்று கேட்பார்களே? சிரித்துச் சிரித்துச் சம்பாதித்த இடம் போய்விடுமே? நாளைக்குக் கேண்டீனில் தனியாக உட்கார வேண்டுமே? அந்த ஒரு கணத்தில் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"விளையாட்டுதான் சார். அவ புதுசு... கொஞ்சம் தொட்டாச்சிணுங்கி."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மதியத்துக்குள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

அன்று அவள் வீட்டில் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. மறுநாள் காலையில் நீராவியை ஏற்றிவிட்டு நேராக மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், நான் சொன்னது பொய் சார். ஒவ்வொரு தடவையும் வலிச்சுது. அவ எழுதினது அத்தனையும் நிஜம். அவளைத் திரும்பக் கூப்பிடுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

மேனேஜர் கோப்பைத் திறந்து அவருடைய கையெழுத்தை அவர் பக்கமே திருப்பிக் காட்டினார். கோபம்கூட இல்லை, சலிப்புதான்.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. உங்க ஆளுங்களே இப்படித்தானேய்யா? எந்தப் பேச்சை நம்புறது? போய் வேலையைப் பாருங்க."

இருபத்தொரு வருடத்தில் அவர் வலிக்காததுபோல் சிரித்துச் சொன்ன பொய்களை எல்லோரும் நம்பினார்கள். அங்கே முதன்முறையாகச் சொன்ன உண்மை, அவருடைய இனமே பொய்யர் இனம் என்பதற்குச் சாட்சியாகிப் போனது.

சாயங்காலம் வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்றபடியே சொன்னார்.

"மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"இன்னைக்குக் காலையில."

மடித்த சட்டையை அடுக்கில் வைத்தாள். அது அவருடைய சட்டைதான்.

"நேத்து அந்த ரூம்ல நான் ஒருத்தியாத்தான் நின்னேங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். வேறொரு தையல் கடையில் வேலையும் கிடைத்தது. வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பழைய செல்லப்பெயரை விட்டு, மரியாதையாக 'என்னங்க' என்றே கூப்பிட்டாள். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் அவருக்குச் சாகும்வரை பெரும்பாடாக இருந்தது.